புட்டி பூசின மரபுரிமை

எங்கட கூட்டத்தில் ஒருத்தியின் அப்பப்பா விட்டுவிட்டுப் போன மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்று, பல வருசமாக அவர்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் நின்றது. போன மாரிக்குப் பிறகு அதன் கூரை இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதை அவள்தான் முதலில் கண்டாள். கையை வைத்துப் பார்த்தால், பாணுக்குள் விரல் போகிற மாதிரி மரத்துக்குள் விரல் போனது.

ட்ரவலரைக் காணாதவர்களுக்குச் சொல்லவேணும். மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. 1953இல் அதன் பின்பாதியை நீட்டி, இரண்டு பின்கதவு வைத்து ட்ரவலர் என்று விட்டார்கள். முன்பாதி இரும்பு. பின்பாதிக்கு ஆஷ் மரத்தில் சட்டம், அதற்கு மேலே அலுமினியத் தகடு. மேலே பக்கத்துக்கு ஒரு நீளமரம், பின்கதவுகளுக்கு மேலே ஒரு குறுக்குமரம். கூரை நிற்பதே இதுகளில்தான். அலங்காரத்துக்கு ஒட்டின பலகை இல்லை. இங்கிலாந்தில் வருடாந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது இந்த மரம் உக்கியிருந்தால் வாகனம் ஓடத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மரம்தான் அங்கே எலும்பு.

கொஞ்ச நாளிலேயே ஆலோசனைகள் வரத் தொடங்கின. கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒருவர் அப்படியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய கார்களுக்கு ஏறின மவுசு, கதவு திரும்பத் திறந்த பிறகும் முழுக்க இறங்கவில்லை. கராஜ்காரர் இன்னும் சுகமான வழி ஒன்று சொன்னார். ஓட்டைக்குள் புட்டியை அடைத்து, உரசி, மேலே மரநிறம் அடித்து வார்னிஷ் பூசினால் “படத்துக்கு வடிவா நிக்கும்” என்றார். நிற்கும்தான். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் பின்சீற்றில் இருக்க, அவர்களுடைய தலைக்கு மேலே புட்டி நிற்கும்.

எங்களுக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஆனால் கராஜ்காரரைவிட எங்களில்தான் கூடக் கோபம் வந்தது என்று சொல்லவேணும். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நாங்கள் மரபுரிமை, மரபுரிமை என்று கதைக்காத நாள் இல்லை. கோயில் மடம், ஏடு, சுண்ணாம்புச் சுவர், நாற்சார் வீடு எல்லாவற்றுக்கும் கட்டுரை எழுதியிருக்கிறோம். யாழ்ப்பாணத்துப் பழைய கார் என்றாலும் ஒரு கதை தயாராக இருக்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்டின் ஏ40உம் மொறிஸ் மைனரும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடின கதை. அதைச் சொல்லிச் சொல்லி மெக்கானிக்மாரை வீரர்களாக்கிவிட்டோம். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் அதே காலத்தில் லொறிகளுக்கு மரப்பெட்டி அடித்த தச்சர்கள் எங்கட எந்தக் கட்டுரைக்குள்ளும் வரவில்லை.

அப்படி ஒருவரைத் தேடிப் போனோம். வயது எழுபதுக்கு மேலே. லொறிப்பெட்டி அடித்தவர், இப்போது எப்போதாவது கதவுநிலை செய்கிறார். வந்து பார்த்தவர் முதலில் மரத்தைத் தொடவில்லை. உள்ளே இரண்டு குறுக்குத் தடி வைத்து முண்டு கொடுக்கச் சொன்னார். “உக்கினதைக் கழட்ட முதல் வடிவத்தைப் பிடிச்சு வையுங்கோ பிள்ளையள். கூரை ஒருக்கா இருந்திட்டுதெண்டால் பிறகு கதவு பூட்டாது.” பிறகு உக்கின மரத்தைத் துண்டு துண்டாக இல்லாமல் முழுசாகக் கழற்றினார். எறிய விடவில்லை. அதுதான் அளவுகோல். அதைப் பலகையில் வைத்துப் பென்சிலால் கீறும்போது, வளைவோடு இழை ஓடுகிற இடத்தை மட்டும் தெரிந்தெடுத்தார். இழை குறுக்கே போனால் அந்த இடத்தில் மரம் முறியும் என்றார். நாங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டோம். பழக்கதோஷம்.

எந்த மரம் என்பதில்தான் சண்டை. லண்டனில் இருக்கும் பெரியப்பா, அங்கே இதற்கென்றே அறுத்து விற்கிற ஆஷ் சட்டத்தை வாங்கி அனுப்புகிறேன், அதுதான் “ஒரிஜினல்” என்று நின்றார். ஆஷ் நல்ல மரம்தான். அதிர்ச்சியைத் தாங்கும், ஸ்குரூவைப் பிடிக்கும், கிரிக்கெட் விக்கெட் தடி செய்வதும் அதில்தான். ஆனால் ஈரம் பட்டால் கெதியாக உக்கும். ட்ரவலரில் தள்ளித் திறக்கிற யன்னல்களின் தவாளிப்புக்குள் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிப்பது இங்கிலாந்திலேயே பழைய பகிடி. எங்கட மாரிக்கு என்ன ஆகும்? அங்கேயும் ஆஷ் மரங்களுக்கு நோய் வந்து செத்துக்கொண்டிருக்கின்றன என்பது வேறு கதை; 2012இல்தான் பிரித்தானியாவில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

நாங்கள் முதிரை என்றோம். ஐயா சிரித்தார். முதிரை பாரம், கூரையில் பாரம் ஏற்றினால் வளைவில் கார் சரியும் என்றார். தேக்குத்தான் சரி, ஆனால் தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பொருத்துகிற முகத்தைத் தின்னரால் துடைக்காமல் பசை பூசினால் பிடிக்காது. இதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கிற சங்கதி. எங்கேயும் எழுதப்படவில்லை.

தேக்கில் செய்தால் அது ஒரிஜினல் இல்லை என்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. பழைய கூரையில் ஒரு மரத்தின் நுனியைச் சிறுப்பித்து மற்றதன் துளைக்குள் இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பொருத்தை அதே மாதிரி, அதே அளவில் திரும்பச் செய்தால், எங்களைப் பொறுத்தவரை மீட்டெடுக்க வேண்டியது மீண்டுவிட்டது. ஆஷில் வந்து இறங்கி, கட்டைப் பிரித்து ஸ்குரூ முறுக்கினால் கார் மட்டும் மிஞ்சும்.

இதை எழுதும்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. இந்த வேலையைப் பழக ஐயாவுக்கு ஆள் இல்லை. மகன் அலுமினிய யன்னல் பூட்டுகிற கடையில் வேலை செய்கிறார். “பரம்பரைத் தொழிலை விட்டிட்டான்” என்று எங்களில் ஒருத்தன் கவலைப்பட்டான். ஐயா பேசாமல் இருந்தார். மகன்தான் சொன்னார்: “தொழிலை மட்டுமோ தம்பி விட்டனான்? அதைச் சொல்லிக் கூப்பிடுற பேரையும் சேர்த்துத்தான் விட்டனான்.” சாதியைத் தொழிலோடு ஒட்டிவைத்துவிட்டு, பிறகு தொழில் அழிகிறதே என்று கட்டுரை எழுதுகிறவர்கள் நாங்கள். கலைப்பீடத்தில் எத்தனை பேர் உளி பிடிக்கத் தயார்? கைவேலைக்கு நல்ல கூலியும் கொடுக்காமல், அந்தப் பேரையும் விடாமல், யாருடைய பிள்ளையை நாங்கள் பட்டறைக்குள் இருக்கச் சொல்கிறோம்?

இடப்பக்க நீளமரம் இறங்கிவிட்டது. கதவு பூட்டுகிறது. வேலைக்கு ஐயா கேட்ட கூலியில் பேரம் பேசக்கூடாது என்று முதலே முடிவெடுத்திருந்தோம். அவர் கேட்டது குறைவு என்றுதான் பிறகு சண்டை பிடிக்கவேண்டி வந்தது. இனிக் குறுக்குமரமும் தகடும். அலுமினியத் தகட்டை நெளியாமல் திரும்ப இருத்துகிற வேலையைத் தான் செய்வதாக மகன் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் அவருக்கு நேரம். நாங்கள் இரண்டு பேர் தகட்டைப் பிடிக்கப் போகிறோம். கையுறை கொண்டுவரச் சொன்னார்.