6 பவுண்டு தக்கை

கப்பலில் இருக்கும் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அங்கீகார முத்திரை ஒன்று இருக்கும். ஆனால் சோதித்தது உங்கள் கையில் இருப்பதை அல்ல, அதன் மாதிரியை! மாதிரியைச் சோதித்து, அதே அமைப்பில் செய்யும் அத்தனைக்கும் அனுமதி கொடுப்பதற்குப் பெயர்தான் டைப் அப்ரூவல்.

"எல்லாவற்றையும் தீயிலும் தண்ணீரிலும் போட்டா பார்க்க முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1904 ஜூன் 15. நியூயார்க் ஈஸ்ட் ரிவரில் ஜெனரல் ஸ்லோக்கம் என்ற நீராவிக் கப்பல் தீப்பிடித்தது. சர்ச் சுற்றுலா கிளம்பிய பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஜாக்கெட்டுகள் 13 வருடப் பழசு. உள்ளே இருந்த தக்கை தூளாகியிருந்தது. ஜாக்கெட் மாட்டித் தண்ணீரில் விட்ட குழந்தைகள் அப்படியே மூழ்கினார்கள். இத்தனைக்கும், சுமார் 6 வாரங்களுக்கு முன்புதான் அரசு இன்ஸ்பெக்டர் அந்தக் கப்பலைச் சோதித்திருந்தார். கடைசியில் சிறைக்குப் போனது கேப்டன் மட்டும்.

கொடுமை அதோடு முடியவில்லை. அதே வருடம் வேறொரு தொழிற்சாலையின் ஜாக்கெட் தக்கைகளுக்குள் இரும்புத் துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன! ஏன் தெரியுமா? ஜாக்கெட்டில் 6 பவுண்டு தக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். எடை குறைந்த தக்கையைப் போட்டு, மீதியை இரும்பால் சரிக்கட்டிவிட்டார்கள். சட்டம் கேட்டது எடையை.

முதல் ஓட்டை இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. இன்றைய சர்வதேச விதிகள் எடையை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கின்றன. 24 மணி நேரம் நன்னீரில் மூழ்கிக் கிடந்தாலும் மிதக்கும் சக்தி 5 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. 2 விநாடி தீ சூழ்ந்தாலும் தொடர்ந்து எரியக்கூடாது. 4.5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தாலும் கழன்றுவிடக்கூடாது.

இரண்டாவது ஓட்டை மாதிரிக்கும் கையில் இருப்பதற்கும் நடுவே இருக்கிறது. இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. மாதிரி தேறினால் மட்டும் அங்கே போதாது. தொழிற்சாலையின் தயாரிப்பையோ, வெளிவரும் பொருளையோ ஓர் அமைப்பு பரிசோதிக்க வேண்டும். பிறகுதான் கப்பல் சுக்கான் சக்கர வடிவ முத்திரை. பரிசோதித்த அமைப்பின் எண்ணும் வருடமும் கூடவே இருக்கும். தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியும்.

இதனால் செலவு கூடுகிறது என்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஒரே சோதனையை நாட்டுக்கு நாடு திரும்பச் செய்வது வீண்தான். சில கருவிகளுக்கு ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்பது என்று 2004-ல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒப்பந்தம் செய்தன. அந்த வழியில் மிச்சம் பிடியுங்கள். தொழிற்சாலைச் சோதனையிலும், கப்பலில் செய்யும் பராமரிப்பிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

தண்ணீரில் விழுந்தவனைக் காப்பாற்றப்போவது மாதிரி அல்ல, அவன் மாட்டியிருக்கும் ஜாக்கெட். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?