எச்சில் தட்டு

பிரம்மதேசத்தில் என் சிநேகிதர் ஒருவர் புது வீடு கட்டியிருக்கிறார். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. நான் சொல்வது எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், சோழர் காலத்துக் கோவில்கள் உள்ள ஊர். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு. கிரகப்பிரவேசத்துக்கு நானும் போயிருந்தேன்.

ஹாலில் நுழைந்ததும் எதிரே பெரிய படம். பழைய டச்சு ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதி. தங்க நிறச் சட்டம். கசங்கிய மேஜை விரிப்பு, பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம், வாய் திறந்த சிப்பிகள், கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம். ஹார்லெம் நகரத்து வில்லெம் ஹெடா 1635ல் தீட்டியது; அசல் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் இருக்கிறது.

"எப்படி?" என்றார் சிநேகிதர்.

"நன்றாயிருக்கிறது. யார் வரைந்தது, தெரியுமா?"

"யாரோ வெள்ளைக்காரன். சோபா கலருக்கு எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! இப்போது பெரிய வீடுகளிலெல்லாம் இதுதானாம்."

அப்போது அவருடைய தாயார் உள்ளேயிருந்து வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். படத்தின் அருகே போய், கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏன் தம்பி, எச்சில் தட்டையா சொவத்துல மாட்டி வச்சிருக்கான்? தின்னவன் எங்க போனான்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏனென்றால், அந்த ஹாலில் படத்தைப் பார்த்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான்! தின்னவன் எங்கே போனான் என்பதுதான் அந்தப் படம் கேட்கும் கேள்வியே. கவிழ்ந்த கிண்ணமும் உரிந்து தொங்கும் தோலும், "இவ்வளவு செல்வமும் ஒரு வேளைச் சாப்பாடு; எழுந்து போகத்தான் வேண்டும்" என்று சொல்லத் தீட்டப்பட்டவை. இந்த வகைப் படங்கள் சிலவற்றில் மண்டையோட்டையே மேஜையில் வைத்துக் காட்டினார்கள். செல்வத்தின் நிலையாமையைச் சொல்லும் படத்தைச் செல்வத்தின் விளம்பரமாக மாட்டி வைத்திருக்கிறோம். அதைக் கண்டுகொண்ட கிழவியைப் பட்டிக்காடு என்று சிரிக்கிறோம். யார் பட்டிக்காடு?

அந்நியப் படம் என்று நான் ஆட்சேபிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கலையில் தீட்டுப் பார்க்கிறவன் அல்ல நான். நம் பாட்டிமார் கும்பிட்ட ரவிவர்மா லட்சுமிகூட மேனாட்டு எண்ணெய்ச் சாயத்தில் பிறந்து, 1894ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்தவள்தானே! ஆனால் பாட்டி அந்தப் படத்தைத் தினமும் பார்த்தாள், பொட்டு வைத்தாள், சண்டைகூடப் போட்டாள். சோபா நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று அவள் பார்க்கவில்லை.

டச்சுக்காரர்களும் அப்படி இருந்தவர்கள்தான். 1640ல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பிரயாணி, ரொட்டிக்கடைக்காரனும் கசாப்புக்கடைக்காரனும்கூடக் கடையில் ஓவியம் மாட்டியிருப்பதைக் கண்டு அதிசயித்து எழுதினான். தாங்கள் தின்ற ரொட்டியையும் மீனையும் அவர்கள் படமாகப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து டச்சுப் படங்கள் சிலவற்றில் காகிதக் கூம்பிலிருந்து மிளகு சிந்திக் கிடக்கும். தீவுகளில் மிளகு வாங்க டச்சுக் கம்பெனி கொடுத்தது எது தெரியுமா? நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணி. செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் அவர்கள் கால் ஊன்றினார்கள். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை வைத்தார்கள். அதே 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் தங்களையே விற்றுக்கொண்ட ஜனங்களை இந்தக் கரையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். செஞ்சிச் சீமைக்காரன் ஒருவன் வீட்டில் அந்த மேஜை தொங்கும்போது, "தின்னவன் எங்கே போனான்?" என்பதோடு, "யார் வயிற்றில் அடித்துத் தின்றான்?" என்றும் கேட்கலாம் அல்லவா? ஹெடாவின் மேதைமை இதனால் குறைந்துவிடாது. நாம் பார்ப்பது முழுமையாகும்; அவ்வளவுதான்.

பக்கத்துப் பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோவில் இருக்கிறது. அங்கே ஒரு சிற்றாலயச் சுவரில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் பார்வதியின் ஓவியம், ஆயிரத்து முந்நூறு வருஷமாக அழிந்தது போக எஞ்சி நிற்கிறது. "பார்த்திருக்கிறீர்களா?" என்று சிநேகிதரைக் கேட்டேன். "அந்தப் பக்கம் அடிக்கடி போகிறேன். மலை ஏறினதில்லை" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நசுங்கிய பித்தளைச் சொம்பு. கதவிடுக்கு வழியாக வந்த மாலை வெயில் சொம்பின் விளிம்பில் நின்றது. ஹெடா அந்த வழியாக வந்திருந்தால், ஹாலைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான், அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

டச்சுப் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. மாட்டுங்கள், ஆனால் தினம் ஒரு நிமிஷம் அதன் எதிரே நின்று பாருங்கள். அதற்கு மனமில்லையா? சுவரைச் சும்மா விடுங்கள். வெறுமனே வெள்ளையடித்த சுவர் யாரையும் ஏமாற்றுவதில்லை.