மானத்தின் விலை ஆயிரம் ரூபாயா?

சீமாட்டியின் சங்கிலியைக் காணோம். விரல் எங்கே நீளுகிறது? வீடு பெருக்கும் ஏழைப் பெண்ணை நோக்கி! புகார் பறக்கிறது, போலீசார் வருகின்றனர், சிறைக்கதவு மூடுகிறது. சின்னாட்களில் சங்கிலி பெட்டியடியில் அகப்படுகிறது. நகை கிடைத்தது, அவள் நற்பெயர் கிடைத்ததா?

இழப்பீடு உண்டே என்பர் சட்டவல்லார். உண்டு! போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்வித்தவர் இழப்பீடு தருமாறு நீதிபதி ஆணையிடலாம். 1973-ஆம் ஆண்டு இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு வகுத்த உச்சவரம்பு 100 ரூபாய். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 1,000 ஆக்கிற்று. 2024-இல் புதுச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறிற்று, தொகை மாறவில்லை!

உரிமையியல் மன்றம் இல்லையா என்பர். அங்கே, “தகவல்தானே தந்தோம், கைது செய்தது போலீசு” என்று புகாரளித்தவர் நழுவுவார். அவரது தீய நோக்கத்தை மெய்ப்பிக்கும் சுமையோ, அன்றாடக் கூலியையும் இழந்தவளின் தோளில்!

புகாரே கூடாதென்று நாம் கூறவில்லை. ஐயத்தை ஐயமென்றே கூறுக. குற்றமெனச் சாற்றி ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பினால், அவள் இழந்ததை ஈடு செய்க என்கிறோம். அந்த ஆயிரம் ரூபாய் வரம்பு தகர்க்கப்பட வேண்டும். பொன்னை எடைபோடத் தெரிந்த சட்டம், ஏழையின் மானத்தையும் எடைபோடட்டும்!