நாம் எழுதாமல் விட்ட பக்கங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ கணினிகளில் உபுண்டு லினக்ஸ் நிறுவிக் கொடுத்தோம். மறுநாள் அந்தத் திரையின் முன் தனியே உட்காரப் போகிறவருக்கு ஒரு தமிழ்க் கையேடு கொடுக்கவில்லை. கொழும்பில் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேசிவந்த நாம் எல்லோரும் இதற்குப் பொறுப்பு.

தட்டச்சுக் கடையில் வேலை செய்கிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் விரல்கள் பழகியது பாமினி எழுத்துருவின் தட்டச்சு முறை, அல்லது ரெங்கநாதன் விசைப்பலகை. லினக்ஸில் ரெங்கநாதன் இல்லாமல் இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளின் எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்து, உள்ளீட்டு முறைகளில் அதைச் சேர்த்தால் போதும். பழைய பாமினிக் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தால், அந்த எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்துவிடும். இதைச் சொல்லப் படத்தோடு இரண்டு பக்கம் போதும். அந்த இரண்டு பக்கம் இல்லாததால் விண்டோஸின் கள்ளப் பிரதிக்குத் திரும்பியவர்களை, ஆர்வமில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டோம். அது அநியாயம்.

முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுதென்றே புதியவர் நினைப்பார். நமக்கும் ஒருநாள் அப்படித்தான் இருந்தது, பழகியபின் மறந்துபோனோம். கேட்டவரிடம், “கூகிளில தேடிப் பாருங்கோ” என்றோம். இல்லாவிட்டால், ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டுவதற்கென்றே எழுதப்பட்ட ஆங்கில ‘மேன்’ கையேட்டுப் பக்கத்தைக் காட்டினோம். எந்த லினக்ஸ் வழங்கல் சிறந்தது என்று நமக்குள் விவாதிக்க மட்டும் நேரம் இருந்தது.

ஆற்றல் இல்லாத நகரமா இது? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சகானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் கொழும்பில்தான் உருவானது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் கைகொடுத்தது. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸை எளிய தமிழில் எழுதிக் காட்டியது. அதன் இணைப்புகளைப் பகிர்ந்ததோடு நம் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டோம். நம் கடைகளின் விசைப்பலகைப் பழக்கத்தையும் அவர்களே எழுதித் தரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழிலேயே படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். வாசகர் இல்லையென்று சொல்லவும் வழியில்லை.

இனி எழுதுவதை நம் நினைவிலிருந்து எழுதக்கூடாது. லினக்ஸை இதுவரை தொடாத ஒருவரைக் கணினியின் முன் இருத்தி, பக்கத்தில் வாய்திறக்காமல் உட்கார்ந்து, அவர் கை எங்கே நிற்கிறதென்று குறித்துக்கொள்ள வேண்டும். கையேட்டின் அத்தியாயங்களை அந்தக் குறிப்புகளே தீர்மானிக்கட்டும்.