எட்டாம் எண் சட்டை

விளையாட்டுக் குழு ஒன்றுக்குப் 'புனிதர்கள்' என்று பெயர் சூட்டலாமா? அமெரிக்க நாட்டின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1966ஆம் ஆண்டில் இக்கேள்வி உண்மையாகவே எழுந்தது. பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம் அது, கத்தோலிக்கர் மிகுந்தது. தொழில்முறைக் கால்பந்துக் குழு ஒன்று அந்நகருக்கு வழங்கப்படுகிறது என்ற அறிவிப்பு அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில், சகல புனிதர் திருநாளன்று வெளிவந்தது. ஊரின் ஜாஸ் இசைக்குழுக்கள் வாசித்துப் புகழ்பெற்ற பாட்டும் புனிதர்களின் அணிவகுப்பைப் பற்றியதே. ஆகவே பெயர் தானாகவே அமைந்துவிட்டது எனலாம். அந்நாளைய பேராயர் பிலிப் ஹானனும் அதற்கு இசைவு தந்தார். குழுவுக்காக ஒரு செபமும் எழுதினார்.

அச்செபம் பின்வந்த ஆண்டுகளில் மிகவும் தேவைப்பட்டது. 1967இல் ஆடத் தொடங்கிய 'செயின்ட்ஸ்' குழு, முதல் இருபது ஆண்டுகளில் ஒரு பருவத்திலேனும் தோல்விகளை விடக் கூடுதலான வெற்றிகளைக் கண்டதில்லை.

நாம் கால்பந்து என்பது காலால் உதைக்கும் ஆட்டத்தை. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறோர் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர், இருமுனையும் கூம்பிய பந்து, பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் ஒருவர் கைக்கு வருகிறது. அவரே குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுத்து ஓடவிடுவது என்று அவர் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் மலை போன்ற எதிராளிகள் நால்வரைவர் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவர். வென்றால் புகழ் பெரும்பாலும் அவருக்கு. தோற்றால் பழி முழுவதும் அவருக்கே. ஆகையால் இரசிகர்கள் கூடிப் பழங்கதை பேசும்போது காலத்தை ஆண்டுக்கணக்கில் சொல்வதில்லை. இன்ன குவார்ட்டர்பேக்கின் காலம் என்றே சொல்கின்றனர். இன்ன பங்குச் சாமியார் காலத்தில் கோயில் கோபுரம் எழுந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வதில்லையா, அதைப் போல.

நியூ ஆர்லியன்ஸ் பெரியவர்களின் பேச்சு பில்லி கில்மரிடம் தொடங்கும். முதல் நான்கு பருவங்கள் அவருடையவை. இங்கிருந்தவரை தோல்விகளையே கண்ட அவர், வாஷிங்டன் குழுவுக்குப் போனபின் அதனை 1973 ஜனவரியில் இறுதிப் போட்டிவரை கொண்டு சென்றார். ஊர்க்காரர்க்கு அது இன்றும் ஒரு பெருமூச்சு. கில்மரைப் பேசினால் டாம் டெம்ப்சியைப் பேசாமல் இருப்பதில்லை. அவர் குவார்ட்டர்பேக் அல்லர்; பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்துபவர். வலக்கையில் விரல்களும் வலக்காலின் முன்பகுதியும் இன்றிப் பிறந்தவர். 1970 நவம்பர் 8ஆம் நாள், ஆட்டத்தின் கடைசி விநாடியில், அந்தக் காலால் 63 கெஜத் தொலைவிலிருந்து உதைத்து டெட்ராய்ட் குழுவை வென்றார். அத்தூரத்தை எவரும் மிஞ்ச 2013 வரை ஆயிற்று.

அதன்பின் பேச்சு ஆர்ச்சி மானிங்கிடம் வந்து நின்றுவிடும். மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த செந்தலை இளைஞர். 1971இல் வந்து சேர்ந்தார். எட்டாம் எண் சட்டை அணிந்தார். முதல் ஆட்டத்தின் கடைசி வாய்ப்பில் தாமே பந்துடன் கோட்டைக் கடந்து லாஸ் ஏஞ்சலீஸ் குழுவை 24க்கு 20 என்று வீழ்த்தினார். மீட்பர் வந்துவிட்டார் என்று ஊர் எண்ணியது. ஆனால் அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை வலுவற்றது. பின்வந்த ஆண்டுகளில் அவர் எறிந்ததைவிட ஓடியதும் விழுந்ததுமே அதிகமோ என்று தோன்றும்படி இருந்தது அவர் பாடு. தோள் காயத்தால் 1976ஆம் ஆண்டு முழுவதும் ஆடவில்லை. அவர் தொடங்கி வைத்த ஆட்டங்களில் செயின்ட்ஸ் வென்றவை 35, தோற்றவை 91, சமனானவை 3.

1980ஆம் ஆண்டுதான் அடிமட்டம். முதல் பதினான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோல்வி. விளையாட்டுச் செய்தியாளர் பட்டி டிலிபெர்ட்டோ என்பவர், காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குப் போங்கள் என்று வேடிக்கையாக யோசனை சொன்னார். இரசிகர்கள் அப்படியே செய்தனர். கண்களுக்கு இரண்டு துளைகள். குழுவின் பெயரில் முதலெழுத்தை நீக்கி, 'இல்லை' என்று பொருள்படும் கொச்சைச் சொல்லாக்கி நெற்றியில் எழுதிக்கொண்டனர்.

இதனை நாம் எளிதாகக் கடந்து போக இயலவில்லை. வெட்கம் என்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே? பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, வந்து அமர்ந்து, முகத்தை மறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கைவிடவும் மனமில்லை, ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. குடும்பங்களில் இத்தகைய பாசத்தை நாம் கண்டதுண்டு. ஆனால் களத்தில் நின்றவருக்கு மறைத்துக்கொள்ளப் பை ஏது? மானிங் அவ்வாண்டிலும் 23 முறை கோட்டைக் கடக்கும் எறிகளை எறிந்தார். டிசம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் குழுவை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றனர். பதினாறு ஆட்டங்களில் வெற்றி அது ஒன்றே. அப்போது அவர் மகன் பெய்ட்டன் நான்கு வயதுச் சிறுவன்.

1982இல் குழு அவரை ஹியூஸ்டனுக்கு மாற்றிவிட்டது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆடியது வேறெங்கோ, வீடும் பிள்ளைகளும் நியூ ஆர்லியன்ஸிலேயே. ஓய்வுபெற்ற பின் செயின்ட்ஸ் ஆட்டங்களுக்கு வானொலியில் விளக்கவுரையும் சொன்னார்.

அடுத்து வந்த பாபி ஹீபெர்ட், அம்மாநிலத்து நீரோடைப் பகுதியில் பிறந்த ஊர்ப்பிள்ளை. 1987இல் பன்னிரண்டு வெற்றி, மூன்று தோல்வி. இருபது ஆண்டுச் சாபம் தீர்ந்தது. ஆனால் 1987, 1991, 1992 ஆகிய மூன்று முறையும் இறுதிக்கட்டப் போட்டிகளின் முதற் படியிலேயே சறுக்கினார். ஊதியத் தகராற்றால் 1990 முழுவதும் அவர் ஆடாதிருந்ததைப் பற்றி இன்னும் வழக்காடுவோர் உண்டு. முதற் படியைத் தாண்ட 2000ஆம் ஆண்டு டிசம்பர் 30 வரை, ஆரன் புரூக்ஸ் வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

2005 ஆகஸ்டு 29இல் கத்ரீனா புயல் அடித்தது. சூப்பர்டோம் அரங்கின் கூரை கிழிந்தது. அதனுள் பல்லாயிரம் ஏழைகள் அடைக்கலம் புகுந்து அல்லலுற்றனர். குழுவும் அவ்வாண்டு ஊரற்றதாகி அலைந்தது. அடுத்த மார்ச்சில் வந்தவர் டுரூ பிரீஸ். எறியும் தோளில் தசைநார் கிழிந்து அறுவை செய்துகொண்டிருந்தவர். மருத்துவர்கள் ஐயுற்றதால் மயாமி குழு தயங்கியது. இடிந்த ஊர் ஏற்றுக்கொண்டது. 2006 செப்டம்பர் 25ஆம் நாள் அரங்கம் மீண்டும் திறந்த இரவில் அட்லாண்டாவை 23க்கு 3 என்று வென்றனர். அவர் 2021 வரை அங்கேயே இருந்து ஓய்வுபெற்றார். திறமையில் அவருக்கு நிகர் அக்குழுவில் எவருமில்லை. இதில் வழக்கே இல்லை.

2010 பிப்ரவரி 7ஆம் நாள் செயின்ட்ஸ் குழு தன் முதல் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை ஆடியது. அதற்கு ஒரு வாரம் முன் ஒரு வேடிக்கை. காகிதப் பை யோசனை சொன்ன டிலிபெர்ட்டோ, இக்குழு இறுதிப் போட்டிக்குப் போனால் பெண்ணுடை அணிந்து தெருவில் வருவேன் என்றும் சொல்லியிருந்தார். 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர் காலமாகிவிட்டார். அவர் வாக்கை நிறைவேற்ற ஆயிரக்கணக்கான ஆண்கள் பாவாடை சட்டையணிந்து ஊர்வலம் வந்தனர். முன்னே வந்தவர், அதே கோலத்தில், பாபி ஹீபெர்ட்!

இறுதிப் போட்டியில் எதிரே இண்டியானாபொலிஸ் குழுவின் குவார்ட்டர்பேக்காக நின்றவர் பெய்ட்டன் மானிங். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து வளர்ந்த ஆர்ச்சியின் மகன். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் எறிந்த பந்தை டிரேசி போர்ட்டர் இடைமறித்து 74 கெஜம் ஓடினார். 31க்கு 17 என்று செயின்ட்ஸ் வென்றது. தந்தை பதினொரு பருவங்கள் உழைத்தும் காணாத வெற்றி, மகனின் தோல்வியாக வந்தது. அவ்விரவு நியூ ஆர்லியன்ஸ் தெருக்கள் கொண்டாட்டத்தில் நிரம்பின. மயாமியில் அத்தந்தை எதை எண்ணியிருப்பார் என்று கேட்க நமக்குத் துணிவில்லை.

பிரீஸின் ஒன்பதாம் எண் சட்டையை அவருக்குப்பின் எவருக்கும் தரவில்லை, அது இயல்பே. 91 ஆட்டங்கள் தோற்ற ஆர்ச்சி அணிந்த எட்டாம் எண்ணையும் அவர் சென்ற 1982 தொட்டு அக்குழுவில் வேறெவரும் அணிந்ததில்லை.