பட்டாவில் அவள் பெயர் எங்கே?



குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊர் உலகமெல்லாம் குளிக்க வருகிறது. அதே சாரலில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று கார் நடவு நடுகிறவள் யார்? நாற்றுப் பறிக்கிறவள், களை எடுக்கிறவள், மாட்டுக்குப் புல் அறுக்கிறவள் யார்? ஆலங்குளம், கடையம் பக்கம் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பீடி சுற்றி, அந்தக் காசை உரக்கடைப் பாக்கிக்குக் கட்டுகிறவள் யார்? "எங்க வீட்டுல எல்லாம் அவதான் பாக்கா அண்ணாச்சி" என்று பெருமையாகத்தான் சொல்லுகிறோம். நல்லது. சிட்டாவை எடுத்துப் பாருங்கள், அதில் அவள் பெயர் இருக்கிறதா?

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி இந்தியா முழுவதும் உள்ள சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 14 தான். வேலை அவள் தலையில், காகிதத்தில் அவள் இல்லை.

பேரில் என்ன இருக்கு என்று கேட்காதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கப் பட்டாவும் அடங்கலும் வேண்டும். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அரசு அறிவித்தபோது, சங்கத்தில் கடன் வாங்கியவருக்குத்தான் அது வந்தது. பட்டா இல்லாததால் கந்துவட்டிக்கு வாங்கி நடவு செய்தவளுக்கு என்ன வந்தது? பி.எம். கிசான் 6,000 ரூபாயும் நில ஆவணத்தைப் பார்த்துத்தான். சிறு, குறு விவசாயி சான்று இல்லாமல் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் கிடையாது. வீட்டு ஆம்பிளை திருப்பூருக்கோ, கேரளாவுக்கோ, வளைகுடாவுக்கோ போய்விட்டார். கிணற்றுத் தண்ணீரை மிச்சம் பிடித்து உள்ளியும் மிளகாயும் விளைய வைக்க வேண்டியவள் அவள். அவளுக்கு அந்தக் குழாய் கிடைக்காது! மண்ணைக் காப்போம், தண்ணீரைக் காப்போம் என்று அதிகாரிகள் மேடை போட்டுப் பேசுகிறார்கள். காக்கிறவள் கையை முதலில் கட்டவிழ்த்து விடுங்கள்.

2011இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் கணக்குப் போட்டுச் சொன்னது: ஆண்களுக்குக் கிடைக்கும் கடன், விதை, உரம், கருவி பெண்களுக்கும் அதேபோலக் கிடைத்தால், அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். நடவு நட்டவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அப்பா காலமானதும் பதினாறாம் நாள் முடிந்த கையோடு, சகோதரிகளை ஜீப்பில் ஏற்றிப் பதிவாளர் அலுவலகம் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம்ம பக்கம் சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு சேலை, கையில் கொஞ்சம் ரூபாய். "பொட்டப்புள்ளைக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன?" என்பார்கள். போட்ட நகை முதல் வருசமே அடகுக்கடைக்குப் போனதை எல்லாரும் அறிவோம். நகை வேறு, பங்கு வேறு.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார் பெரியார். 60 வருடம் கழித்து, 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களுக்கு இல்லை என்று வைத்தார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது. இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925 சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமம். இஸ்லாமியக் குடும்பங்களில் மகன் பங்கில் பாதி மகளுக்கு உண்டு. அதையாவது ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று அந்தந்த ஜமாத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

"நிலம் துண்டு துண்டாகிப் போகுமே" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். நாலு ஆம்பிளைப் பிள்ளைகள் பிரித்தபோது வராத கவலை! கூட்டுப் பட்டாவில் பெயரைச் சேர்ப்பதற்கு வரப்புப் போட வேண்டியதில்லை.

நாகப்பட்டினம் பக்கம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் லாஃப்டி இயக்கம் தொடங்கினார். ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, பெண்கள் பெயரிலேயே பத்திரம் பதிந்தார். சாராயக் கடைக்காக அந்த நிலத்தை யாரும் எழுதிக்கொடுத்துவிட முடியாதல்லவா? அங்கே நடந்தது சிற்றாற்றுப் பாசனத்தில் மட்டும் ஏன் நடக்காது?

கூலியையும் சொல்லாமல் விட முடியாது. சம வேலைக்குச் சம கூலிச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. 2005 சட்டப்படி வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலிதான் எழுதினார்கள். நம்ம வயலில் மட்டும் பொம்பளைக் கூலி, ஆம்பிளைக் கூலி என்று இரண்டு கணக்கு. விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் போராடுகிற நாம், அவள் உழைப்புக்கு விலை குறைப்பது எந்த நியாயம்?

அரசிடம் நாம் கேட்பது இதுதான். சொத்துக்காரர் இறந்தால் மனைவி, மகள் எல்லார் பெயரையும் சேர்த்தே பட்டா மாற்ற வேண்டும். அதற்கு ஊர் ஊராக முகாம் போட வேண்டும். பட்டா இல்லாவிட்டாலும் உழுகிறவளை விவசாயி என்று எழுதிச் சான்று தர வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த பெண் விவசாயிகள் உரிமை மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அதை மறுபடி கொண்டுவர வேண்டும். 2026ஐப் பெண் விவசாயிகள் ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தது. ஆண்டுக்குப் பேர் வைத்தால் போதுமா?

தாலுகா அலுவலகம் முன் நாம் கூடும் நாளில் தாய்மார்கள் முன்வரிசைக்கு வர வேண்டும். சிட்டா நகல், வாரிசுச் சான்று, ஆதார் நகல் கையில் இருக்கட்டும். கணவர் இறந்தும் பட்டா மாறாதவர்கள் இறப்புச் சான்றையும் கொண்டுவாருங்கள். மனுவைச் சங்கமே எழுதித் தரும். விடுதலைப் பத்திரத்தில் யாராவது கையெழுத்துக் கேட்டால், முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.