பழைய வொர்க்ஸ்டேஷனில் லினக்ஸ்: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். வீடுகளிலும் டியூஷன் சென்டர்களிலும் டிசைன் கடைகளிலும் இருக்கும் பல பழைய கம்ப்யூட்டர்கள் இந்தத் தேர்வில் ஃபெயில்.

அவற்றில் சில, ஒதுக்கித் தள்ளக்கூடிய மிஷின்களே அல்ல. டெல் பிரிசிஷன் டி3500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினீயரிங் டிசைன் போன்ற கனமான வேலைகளுக்காக 2009-ல் வந்த வொர்க்ஸ்டேஷன் இது. ஜியான் பிராசஸர், குவாட்ரோ கிராஃபிக்ஸ் கார்டு என்று உடம்பு இன்றும் திடமாகவே இருக்கும். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய இப்படிப்பட்ட மிஷின்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கையில் காசு குறைவு என்கிற வீட்டுக்கு இது நல்ல வழி.

இவற்றில் லினக்ஸ் நன்றாக ஓடும். லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 4 ஜிபி மெமரி போதும். 2029 வரை அப்டேட் உண்டு. காசு கிடையாது. சிக்கல் வருவது இன்ஸ்டால் செய்யும்போதுதான். திரை கறுப்பாகி நின்றதும், ‘மிஷின் போச்சு’ என்று முடிவுகட்டி பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

முதலில் பேக்கப்

இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தினால் குடும்ப போட்டோவும் போகும், பத்து வருடக் கணக்கும் போகும். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்து, அங்கே திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பென்டிரைவில் இருந்து தொடங்கவில்லையா?

டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ ஃபைலை பென்டிரைவில் அப்படியே காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் எழுத வேண்டும். டி3500-ல் இருப்பது பழைய பாணி பயாஸ், யுஇஎஃப்ஐ கிடையாது. அதனால் ரூஃபஸில் ‘எம்பிஆர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்12 விசையைத் தட்டினால் எதில் இருந்து தொடங்குவது என்று கேட்கும். அங்கே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

திரை கறுப்பாகிவிட்டதா?

மெனு வந்த பிறகு திரை கறுத்தால், சந்தேகப்பட வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டு. மின்ட்டின் மெனுவிலேயே ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ இருக்கிறது. அதில் போய்ப் பாருங்கள். இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் செய்யும்போது மறுபடியும் கறுத்தால், கிரப் மெனுவில் ஆங்கில ‘இ’ எழுத்தைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும். நோ, மோட், செட் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். குவாட்ரோ 600, 2000 போன்ற கார்டுகளுக்கான டிரைவர் ஆதரவை என்விடியா 2022 இறுதியில் நிறுத்திவிட்டது. அவற்றுக்கு லினக்ஸோடு வரும் ‘நூவோ’ டிரைவரே போதும். கேம் ஆட முடியாது. படிக்க, எழுத, வீடியோ பார்க்க முடியும்.

ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா?

டிஸ்க் நன்றாக இருந்தும் பட்டியலில் வராமல் போகலாம். பயாஸில் ‘சாட்டா ஆபரேஷன்’ என்ற இடத்தில் ‘ரெய்டு ஆன்’ என்று இருந்தால், ஏஹெச்சிஐ உள்ள தேர்வுக்கு மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்; இந்த மாற்றத்தால் விண்டோஸ் தொடங்காமல் போக வாய்ப்பு உண்டு.

இன்டர்நெட் அடம்பிடிக்கிறதா?

இத்தகைய மிஷின்களில் பெரும்பாலும் வைஃபை கிடையாது. செல்போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போனில் ‘யுஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்தால் போதும். இணைப்பு இருந்தும் இணையதளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டினால், கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு சின்ன பேட்டரி மாற்றினால் அந்தத் தொல்லை தீரும்.

எல்லாம் முடிந்தும் மந்தமாக இருந்தால், காரணம் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இன்னொரு விஷயம். பதற்றத்தில் நான்கு செட்டிங்கை ஒரே நேரத்தில் மாற்றினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் அந்தத் திரையை செல்போனில் படம் எடுத்துவையுங்கள். நீங்களே முடிக்க முடியாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோனாலும், ‘ஓடலை’ என்று சொல்வதைவிட அந்தப் படத்தைக் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம்.